இலங்கைப் பயணம்: படகையும் பஸ்ஸையும் நம்பி அப்பச்சி, ஆத்தாவைக் கூட்டிப் போகலாமா?

தேவகோட்டைப் பெண்

அப்பச்சிக்கு (எங்கள் அப்பா) 74, ஆத்தாவுக்கு (அம்மா) 68. இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்குச் சரி என்று சொல்வது எங்கள் வீட்டில் அபூர்வம். இந்த முறை சொல்லிவிட்டார்கள்: இலங்கை போக வேண்டும். அப்பச்சிக்குக் கொழும்பு செட்டியார் தெருவில் அவருடைய ஐயா கடை வைத்திருந்த இடத்தையும் அங்கே இருக்கும் கதிரேசன் கோவில்களையும் பார்க்க வேண்டும். ஆத்தாவுக்கு யாழ்ப்பாணம் பக்கத்துத் தீவான நைனாதீவில் இருக்கும் நாகபூஷணி அம்மன். தம்பி நெடுந்தீவுக் குதிரைகளை ஏதோ வீடியோவில் பார்த்துவிட்டு அதையும் சேர்க்கச் சொல்கிறான்.

நான் போட்ட திட்டம் இது. ஆகஸ்ட் மூன்றாவது வாரம். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி யாழ்ப்பாணத்துக்கு வடக்கே இருக்கும் காங்கேசன்துறை. மறுநாள் காலை நைனாதீவு, மதியம் நெடுந்தீவு, இரவு யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறினால் விடியும்போது கொழும்பு. அங்கே இரண்டு நாள். திரும்பவும் இரவு பஸ், காலையில் யாழ்ப்பாணத்தில் இறங்கி நேராகத் துறைமுகம், கப்பல், வீடு.

சிக்கல் என்னவென்றால், படகு நேரமும் பஸ் நேரமும் பார்க்கும் இடத்துக்கு ஒரு மாதிரி இருக்கிறது. எதை நம்புவது? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

ரயிலடி

திட்டத்தில் மூச்சு விடவே இடம் வைக்கவில்லையே தங்கச்சி. ஒரு படகு அரை மணி தாமதமானால் கடைசிக் கப்பல் வரை எல்லாம் சரிந்துவிடும். அதிலும் 74 வயதில் அடுத்தடுத்து இரவு பஸ்! வேண்டாம்.

கண்டனூர்க்காரன்

வேலை நிமித்தம் அங்கே அடிக்கடி போய் வருகிறவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கப்பல். நாகை–காங்கேசன்துறை சேவையை 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கினார்கள். வடகிழக்குப் பருவமழை வருகிறது என்று அதே மாதம் 20ஆம் தேதியோடு நிறுத்தினார்கள். மறுபடி 2024 ஆகஸ்ட் 16இல் வேறு கப்பலோடு ஆரம்பித்தது. கப்பலுக்குப் பெயர் ‘சிவகங்கை’, நம் மாவட்டத்துப் பெயர்! மழைக்காலத்தில் மறுபடியும் நின்று 2025 பிப்ரவரி 22இல்தான் ஓடத் தொடங்கியது. ஐப்பசி முதல் தை வரை இந்தக் கப்பலை நம்பித் தேதி குறிக்காதீர்கள். மற்ற மாதங்களிலும் நாகைத் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் அன்றைய பயணம் சந்தேகம்தான். யாரையும் குறை சொல்லிப் பயனில்லை.

அடுத்தது நைனாதீவு. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் ஏறினால் பண்ணைப் பாலம் தாண்டி, மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறை. கடலுக்கு நடுவே போட்ட தாம்போதிச் சாலையில் பஸ் போகும். கூட்டமும் நிறுத்தங்களும் சேர்ந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேலேயே ஆகும். அங்கிருந்து படகில் கால் மணி, இருபது நிமிடம். படகுக்கு நேரம் என்று ஒன்று இருந்தாலும், நடைமுறையில் ஆள் நிறைந்தால் கிளம்பும். காலையில் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். மதிய வெயிலில் உட்கார வைத்துவிடுவார்கள்.

ஆத்தாவுக்கு முழங்கால் வலி உண்டா என்று நீங்கள் சொல்லவில்லை. இருந்தால் இதைப் படியுங்கள். படகுகளை இறங்குதுறையில் வரிசையாகக் கட்டியிருப்பார்கள். சில நேரம் முதல் படகின் விளிம்பில் கால் வைத்து, அதைக் கடந்து இரண்டாவது படகுக்குப் போக வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் ஆடாது. ஒன்று ஏறும்போது இன்னொன்று இறங்கும். அப்புறம் ஒரு சின்ன வாசல் வழியாகக் குனிந்து, படகின் வயிற்றுக்குள் இறங்க வேண்டும். உள்ளே மரப்பலகை, டீசல் வாடை, வேர்வை. படகுக்காரப் பிள்ளைகள் கையைப் பிடித்து ஏற்றிவிடுவார்கள், அதில் குறையே சொல்ல முடியாது. “அம்மாவால் கீழே இறங்க முடியாது” என்று ஏறும் முன்பே சொன்னால் வாசலுக்குப் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். உயிர்காப்புச் சட்டை கொடுத்தால் மடியில் வைத்துக்கொள்ளாமல் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

நைனாதீவில் கோவில் பக்கம் ஓர் இறங்குதுறை, நாகவிகாரை என்ற புத்த கோவில் பக்கம் ஓர் இறங்குதுறை. எதில் நிற்கும் என்று கேட்டு ஏறுங்கள். மதியம் அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானம் உண்டு. சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால் நாள் நிறைவாக இருக்கும்.

நைனாதீவும் நெடுந்தீவும் ஒரே நாளில் நடக்காது. நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானில்தான் ஏற வேண்டும், ஆனால் படகு குறைவு. காலையில் போகும், பிற்பகலில் திரும்பும். ஒரு மணி நேரத் திறந்த கடல். நைனாதீவுக்குப் போவது தீவுகளுக்கு இடையில் ஒதுங்கிய தண்ணீர். அந்தத் தெம்பில் நெடுந்தீவுக்கு ஏறினால் வயிற்றைப் புரட்டும்.

புதுவயல் மில்

எதற்கு இவ்வளவு கஷ்டம்? காங்கேசன்துறையில் இறங்கும்போதே ஒரு வேனைப் பேசி, கொழும்பு போய்த் திரும்பும் வரை கூடவே வைத்துக்கொண்டால் முடிந்தது. பெரியவர்களை வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருப்பதெல்லாம் கணக்குக்கு ஒத்துவராது.

கண்டனூர்க்காரன்

வேன் நல்லதுதான் அண்ணே, யாழ்ப்பாணத்துக்குள் சுற்ற நானும் அதைத்தான் சொல்வேன். குறிகட்டுவானில் படகு தாமதமாக வந்து கடைசி பஸ் போய்விட்டால் உங்கள் வண்டி நிற்கும், அது பெரிய நிம்மதி. ஆனால் வேன் கரையோடு நின்றுவிடும். கடல் கொந்தளித்தால் ஏசி வேனில் வந்தவரும் பஸ்ஸில் வந்தவரும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

கொழும்புக்கு வேன் தேவையில்லை. ரயில் இருக்கிறது. யாழ்ப்பாணம் வரை 2014 அக்டோபரிலும் காங்கேசன்துறை வரை 2015 ஜனவரியிலும் பாதையை மறுபடி திறந்துவிட்டார்கள். இருக்கையை முன்பதிவு செய்து பகல் ரயிலில் போனால் பெரியவர்களுக்குக் கழிப்பறைக் கவலை இல்லை. இரவு பஸ் கொழும்பில் வெள்ளவத்தையிலோ புறக்கோட்டையிலோ விடியாத நேரத்தில் இறக்கிவிடும். அந்த நேரத்தில் விடுதிக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

புதுவயல் மில்

சரி, ரயிலை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நேரம் தவறும் படகு, நேரம் தவறும் பஸ் என்று இத்தனை பேசுகிறோம், அந்தத் தீவு ஆட்கள் தினமும் அதில்தானே போய் வருகிறார்கள். அவர்களுக்குப் பழகிப்போயிருக்கும். நாமும் ஒரு நாள் பொறுத்துக்கொண்டால் போகிறது.

வேலணை மகள்

மன்னிக்க வேணும் அண்ணா, இதில் ஒரு சொல்லுச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் பிறந்தது வேலணை, அம்மா நெடுந்தீவு. கலியாணம் முடித்துக் காரைக்குடிக்கு வந்தவள்.

ஒருவரும் பழகவில்லை. வேறு வழி இல்லை, அவ்வளவுதான். வைகாசியில் தொடங்கி மாதக்கணக்கில் சோளகக் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கும். காற்றுக் கூடினால் நெடுந்தீவுப் படகு பிந்தும், சில நாள் போகாது. அன்றைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வர வேண்டிய ஆசிரியர் வரமாட்டார், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சும்மா இருந்துவிட்டு வருவார்கள். மரக்கறி வராது. தீவில் ஆஸ்பத்திரி இருக்கிறது; ஆனால் கடுமையான வருத்தம் (நோய்) என்றால் கடல் கடந்துதான் யாழ்ப்பாணம் கொண்டுபோக வேணும். இரவில் என்றால் கடற்படைப் படகைக் கேட்க வேணும். கந்தோரில் (அலுவலகத்தில்) பத்து நிமிட வேலைக்குக் கையெழுத்து வாங்கப் போனவர், அலுவலர் இல்லை என்றால் அன்றிரவு யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வீட்டில்தான் படுக்க வேணும். நெடுந்தீவுக் குடும்பங்கள் பலவற்றுக்கு யாழ்ப்பாணத்தில் இப்படிப் படுக்க ஒரு வீடு இருக்கும். அந்த வீட்டுக்காரர் முகம் சுளிக்காமல் சோறு போடுவதால்தான் பாதிச் சனம் காலம் தள்ளுகிறது.

சுற்றுலாவுக்கு வருகிறவர்களுக்குப் படகு வராதது ஒரு கதை. எங்களுக்கு அது சம்பளம், பரீட்சை, மருந்து. குமுதினி என்று ஒரு படகு நெடுந்தீவுக்கு ஓடியது, பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1985 மே 15 அன்று அந்தப் படகில் போன சனத்தைக் கடல் நடுவே வெட்டிக் கொன்றார்கள். அதன் பிறகும் அதே கடலில்தான் போய் வர வேண்டியிருந்தது. பொறுத்துக்கொண்டால் போகிறது என்று சொல்லும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கோபத்தில் எழுதவில்லை. அக்காவுக்கு உதவியாகவும் சொல்கிறேன். எங்கள் ஆட்கள் அட்டவணை பார்ப்பதில்லை. முதல் நாள் இரவே தெரிந்தவருக்கு ஃபோன் போட்டு “நாளைக்குக் காற்று எப்படி?” என்று கேட்பார்கள். விடிய எழும்பி முதல் படகைப் பிடிப்பார்கள், ஏனென்றால் காலையில் கடல் அடங்கியிருக்கும். பின்னேரம் போகப் போகக் காற்று ஏறும். துறையில் இறங்கியதும் கேட்கும் முதல் கேள்வி, “கடைசிப் படகு எப்ப?” அடுத்தது, “அந்தப் படகுக்கு பஸ் நிற்குமா?” பல நாள் பஸ்காரர் படகு வருவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எந்தப் பலகையிலும் அதை எழுதி வைக்கவில்லை. கேட்டால்தான் தெரியும்.

புதுவயல் மில்

தங்கச்சி, நான் அப்படி நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் சொன்ன விதம் சரியில்லைதான்.

கானாடுகாத்தான் ஆச்சி

எங்கள் ஐயா காலத்துக் கதை ஒன்று சொல்கிறேன், வயதானவள் என்று பொறுத்துக்கொள்ளுங்கள். 1914இல் பாம்பன் பாலம் வந்தது. அந்த வருஷமே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் ஸ்டீமர். சென்னையில் வாங்கிய ஒரே டிக்கெட்டில் ரயில், ஸ்டீமர், மறுபடி ரயில் என்று கொழும்பு வரை போகலாம். ரயில் போய்ச் சேராமல் ஸ்டீமர் கிளம்பாது. ஸ்டீமர் வராமல் அந்தக் கரை ரயில் கிளம்பாது. சும்மா அழைத்துப் போனார்கள் என்றும் இல்லை, தோட்டத்துக்குப் போன கூலி ஜனங்களை மண்டபம் முகாமில் அடைத்து வைத்து நோய் பார்த்துத்தான் அனுப்பினார்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே போயிற்று. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து கொஞ்ச காலம் கப்பல் ஓடி, அதுவும் நின்றது.

அந்த இணைப்புதான் இன்றைக்கு இல்லை. கப்பல் வேறு ஆள், ரயில் வேறு ஆள், படகு வேறு ஆள், பஸ் வேறு ஆள். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அந்தக் காத்திருப்பை நீதான் உன் திட்டத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் அம்மா. கடலும் கரையும் சேரும் இடம் ஒவ்வொன்றிலும் ஒரு ராத்திரியைச் சும்மா விடு.

ரயிலடி

ஆச்சி சொன்னதுதான் மொத்த விஷயமும். நம் பக்கமே பாருங்கள். பாம்பன் பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயிலை நிறுத்தினார்கள். புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6இல் திறக்கும் வரை ராமேஸ்வரம் போகிறவர்கள் மண்டபத்தில் இறங்கி பஸ் பிடித்தார்கள். பழைய பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னலே விழாது. கடல் பக்கத்தில் இருந்தால் எந்த நாட்டிலும் இதுதான்.

காரைக்குடி–திருவாரூர் பாதையை 2019இல் அகலப்பாதையாக்கித் திறந்தபோது இன்னும் வேடிக்கை. கேட் கீப்பர் போடாததால் ஆள் ரயிலிலேயே வருவார். ரயில் நிற்கும், இறங்கிக் கேட்டை மூடுவார், ரயில் தாண்டும், கேட்டைத் திறந்துவிட்டு ஓடி வந்து ஏறுவார். சுமார் 150 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல். அந்த ரயிலை நம்பி நாகைக்குப் போய்க் கப்பல் பிடிக்க நினைத்திருந்தால்!

அதனால் நாகைக்கு முதல் நாளே போய்விடுங்கள். அறந்தாங்கி, பட்டுக்கோட்டை, திருத்துறைப்பூண்டி வழியாகப் போய் நாகையிலோ வேளாங்கண்ணியிலோ தங்கிக் காலையில் துறைமுகம். கப்பல் ரத்தானால்கூட வேளாங்கண்ணியில் இருப்பது ஒரு பெரிய கஷ்டமில்லை.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. போகும்போது கப்பல் தள்ளிப்போனால் நீங்கள் நம் ஊரில் இருக்கிறீர்கள். வேண்டுமானால் தேவகோட்டைக்கே திரும்பலாம். வரும்போது தள்ளிப்போனால் விடுதிச் செலவு, அப்பச்சி மாத்திரை தீர்ந்துவிடும் பயம், எல்லாம் உங்கள் தலையில். எனவே போகும்போது கப்பல், வரும்போது விமானம். கொழும்பிலிருந்து திருச்சிக்கு நேர் விமானம் இருக்கிறது. கொழும்பிலேயே பயணத்தை முடித்துவிட்டால் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வரும் வேலையே மிச்சம்.

தேவகோட்டைப் பெண்

அட, இது எனக்குத் தோன்றவே இல்லை. போன வழியே திரும்ப வேண்டும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆகஸ்ட் பற்றி யாரும் சொல்லவில்லையே?

வேலணை மகள்

ஆகஸ்டில் சோளகம் இருக்கும், நெடுந்தீவுக்கு அப்பாவை ஏற்றாதீர்கள். அதோடு நல்லூர்த் திருவிழா 25 நாள், பெரும்பாலும் ஆகஸ்டை ஒட்டித்தான் வரும். தேருக்கு வெளிநாட்டுச் சனமெல்லாம் வந்திறங்கும். யாழ்ப்பாணத்தில் அறை கிடைப்பது கஷ்டம். திருவிழா பார்க்கவே வருகிறீர்கள் என்றால் வேறு கதை.

பங்குனியில் கடல் நல்லா இருக்கும். ஆனால் சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னே முடித்துவிடுங்கள். புத்தாண்டுக்கு டிரைவர், கண்டக்டர் எல்லாம் ஊருக்குப் போய்விடுவார்கள், தனியார் பஸ் பாதிக்கு மேல் ஓடாது. ஓடுகிற பஸ்ஸில் நிற்கவும் இடம் இருக்காது. மாதா மாதம் பௌர்ணமி அங்கே அரசு விடுமுறை. அது வெள்ளி அல்லது திங்களில் விழுந்தால் தெற்கிலிருந்து நாகவிகாரைக்கு பஸ் பஸ்ஸாக ஆட்கள் வருவார்கள். குறிகட்டுவானில் வரிசை வெயிலில் நிற்கும். அந்த நாளைத் தவிருங்கள்.

கண்டனூர்க்காரன்

பஸ் பற்றி விட்டுப்போனதைச் சேர்த்துவிடுகிறேன். சிவப்பு பஸ் என்றால் இலங்கைப் போக்குவரத்துச் சபை. நேரமானால் கிளம்ப முயற்சி செய்யும். தனியார் பஸ் ஆள் சேரும் வரை உறுமிக்கொண்டே நிற்கும், கிளம்பிய பிறகு பறக்கும். எது முதலில் போகும் என்று கண்டக்டரைக் கேட்காதீர்கள், எல்லோரும் தன்னுடையதுதான் என்பார்கள். பஸ் நிலையத்தில் டைம் கீப்பர் உட்கார்ந்திருப்பார், அவரைக் கேளுங்கள். முன்வாசல் பக்கத்து இருக்கை மதகுருமாருக்கு ஒதுக்கியது. அப்பச்சி உட்கார்ந்துவிட்டால் பிக்கு ஏறும்போது எழ வேண்டியிருக்கும்.

பெரிய பெட்டியை விடுதியிலேயே வைத்துவிட்டுத் தீவுக்குக் கைப்பையோடு போங்கள். பையில் அன்றைய மாத்திரை மட்டும் போதாது, மறுநாளைக்கும் சேர்த்து. குடை, தண்ணீர், பிஸ்கட், இலங்கைச் சில்லறை நோட்டு. படகில் நூறு ரூபாய்க்கு ஐயாயிரம் நீட்டினால் அவர்கள் என்ன செய்வார்கள், பாவம்.

முக்கியமானது: படகில் கூட்டம் பிதுங்கினால் ஏறாதீர்கள். அடுத்தது வரும். 2021 நவம்பர் 23இல் திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாப் பக்கம் குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டும் வேலை நடந்ததால் ஓடிய மிதவைப் படகு கவிழ்ந்து, பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இறந்தார்கள். சின்னத் தண்ணீர்தானே என்று யாரும் நினைக்க வேண்டாம்.

புதுவயல் மில்

ஊர்காவற்துறைக்கும் காரைநகருக்கும் நடுவில் ‘பாதை’ என்று ஏதோ ஓடுகிறதாமே, அது என்ன?

வேலணை மகள்

அதுவும் மிதவைதான் அண்ணா. வாகனத்தையும் ஆளையும் ஏற்றிக்கொண்டு அந்தக் கரையில் விடும், காசு இல்லை. பழுதானால் நின்றுவிடும், அப்போது யாழ்ப்பாணம் வழியாகச் சுற்றித்தான் போக வேணும். காரைநகர்ச் சிவன் கோவிலை ஈழத்துச் சிதம்பரம் என்பார்கள். அக்கா வேன் எடுத்தால் அந்த வழியால் போய்ப் பாருங்கள், ஆனால் அதற்கென்று ஒரு முழுப் பின்னேரம் வேணும்.

தேவகோட்டைப் பெண்

எல்லோருக்கும் நன்றி. அப்பச்சியோடு உட்கார்ந்து மாற்றிப் போட்டுவிட்டோம். மார்ச் மாதம். முதல் நாள் வேளாங்கண்ணி. கப்பலில் காங்கேசன்துறை, யாழ்ப்பாணத்தில் நான்கு இரவு. நைனாதீவு எந்த நாள் என்று இப்போதே முடிவு செய்யவில்லை, அங்கே போய்க் காற்றைக் கேட்டுப் போகிறோம். தம்பி மட்டும் தனியாக நெடுந்தீவு; திரும்ப முடியாவிட்டால் அங்கேயே தங்கட்டும், நாங்கள் அவனுக்காக எதையும் மாற்றப்போவதில்லை என்று ஆத்தா இப்போதே சொல்லிவிட்டார். பிறகு பகல் ரயிலில் கொழும்பு, செட்டியார் தெரு, திருச்சி விமானம்.

யாழ்ப்பாணத்துக்குள் ஒரு நாள் வேனுக்கு யாராவது நம்பர் தர முடியுமா? நைனாதீவில் அப்பச்சி சட்டையைக் கழற்ற வேண்டுமா?

கண்டனூர்க்காரன்

கழற்ற வேண்டும். வேட்டி, துண்டோடு போகச் சொல்லுங்கள். படகில் காற்று அடிக்கும், அதுவரை சட்டை இருக்கட்டும்.

நெறியாளர்

தொலைபேசி எண்களை இங்கே பொதுவில் போட வேண்டாம். வேன் விவரம் வேண்டுமானால் தனிமடலில் கேட்டுக்கொள்ளுங்கள்.